லேசர் தள்ளாது, இடம் காட்டும்

போன இதழில் ட்ரோன்களைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரோன்களைவிட, அவை தூக்கிக்கொண்டு போகும் லேசர் ஏவுகணையைப் பற்றித்தான் கேட்டிருந்தன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: லேசர் ஏவுகணை என்கிறார்களே, லேசர் ஒளியின் சக்தியில்தான் அது பறக்கிறதா? (வாசகர், திண்டுக்கல்)

இல்லை. லேசருக்கும் அதன் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தள்ளுவது சாதாரண ராக்கெட் மோட்டார்தான், அதுவும் திட எரிபொருள் மோட்டார். லேசர் செய்வதெல்லாம் "இங்கே வா" என்று இடத்தைக் காட்டுவது மட்டுமே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஹெல்ஃபயரை எடுத்துக்கொள்வோம். அப்பாச்சி ஹெலிகாப்டருக்காக உருவானது, பிறகு பிரிடேட்டர், ரீப்பர் ட்ரோன்களிலும் மாட்டினார்கள். 2019-ல் நம் விமானப்படைக்கு வந்த அப்பாச்சிகளுக்கும் இதுதான் ஆயுதம். நீளம் சுமார் 1.6 மீட்டர், விட்டம் 18 சென்டிமீட்டருக்குள், எடை 45 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முன்னால் லேசரைப் பார்க்கும் சீக்கர், அடுத்து வெடிபொருள், அப்புறம் வழிநடத்தும் மின்னணுப் பெட்டி, அதற்குப் பின்னால் மோட்டார், கடைசியில் திரும்பும் துடுப்புகள். இந்த மோட்டார் எவ்வளவு நேரம் எரியும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு மூன்று நொடிதான்! அதற்குள் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும், மோட்டார் தீர்ந்துவிடும், அதன் பிறகு எட்டு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் வெறும் வேகத்தின் மிச்சத்திலேயே போய்ச் சேர வேண்டும். பலர் நினைப்பது போல இலக்கு வரைக்கும் நெருப்பு கக்கிக்கொண்டு போவதில்லை.

திட எரிபொருள் என்பது எரிபொருளையும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைக் கொடுக்கும் உப்பையும், ரப்பர் மாதிரியான ஒரு பசையில் குழைத்து, உறையில் ஊற்றி இறுக வைத்த கட்டி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் இருப்பதும் இந்த வகைதான், அளவுதான் வேறு. பம்பு இல்லை, குழாய் இல்லை, கசிவதற்கு ஒன்றும் இல்லை, வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்துவிட்டு சொன்ன நொடியில் பற்றிக்கொள்ளும். ஒரே குறை, ஒரு தடவை பற்றவைத்தால் நிறுத்தவும் முடியாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. உந்துவிசை நேரத்துக்கு நேரம் எப்படி மாற வேண்டும் என்பதைக் கட்டியின் நடுவே விடும் துளையின் வடிவத்திலேயே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறார்கள். துளை நட்சத்திர வடிவில் இருந்தால் எரியும் பரப்பு ஒரு மாதிரி, வட்டமாக இருந்தால் வேறு மாதிரி.

இதில் லேசர் ஏவுகணைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. விண்வெளி ராக்கெட்டில் போடும் அலுமினியத் தூள் நல்ல உந்துவிசை தரும், ஆனால் அடர்த்தியான வெள்ளைப் புகையும் தரும். அந்தப் புகை ஏவியவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதோடு, லேசர் போகும் வழியையும் மறைத்துவிடும். அதனால் இந்த வகை ஏவுகணைகளில் கொஞ்சம் உந்துவிசையை விட்டுக்கொடுத்தாவது புகை குறைந்த கலவையைத் தேடுகிறார்கள்.

கேள்வி: மோட்டார் அணைந்த பிறகு எப்படி வளைந்து திரும்புகிறது? (வாசகர், மன்னார்குடி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதில்தான் முழு சாமர்த்தியமும் இருக்கிறது.

திருப்புவது காற்று. ஏவுகணையின் வாலில் நான்கு சின்னத் துடுப்புகள் இருக்கும். அவை கப்பலின் சுக்கான் போல உடம்பை நேரடியாக ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் என்று நினைத்தால் பாதிதான் சரி. நடப்பது இதுதான். மேலே திரும்ப வேண்டும் என்றால் துடுப்பு வாலைக் கீழே அமுக்கும். வால் தாழ்ந்தால் மூக்கு நிமிரும். இப்போது உடம்பு போகும் திசை ஒன்று, மூக்கு பார்க்கும் திசை வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் விழுகிறது. எதிர்க்காற்று அந்தச் சாய்ந்த உடம்பின் அடிப்பக்கத்திலும் நடுவில் உள்ள நிலையான இறக்கைகளிலும் மோதி மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கல்தான் பாதையை வளைக்கிறது. உள்ளங்கை அகலத் துடுப்பு அவ்வளவு கனமான உருளையைத் திருப்பவில்லை, உருளையைச் சாய்த்துக் கொடுக்கிறது, மீதி வேலையை உருளையின் முழு உடம்பும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறது.

ஆனால் இது இலவசம் இல்லை. சாய்ந்த உடம்புக்குக் காற்றுத் தடை அதிகம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் வேகம் போகும். போன வேகத்தைத் திருப்பித் தர மோட்டார் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், காற்று கொடுக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் திருப்பும் சக்தி கால்வாசியாகிவிடும். அதாவது கடைசி நேரத்தில், எப்போது துல்லியமாகத் திரும்ப வேண்டுமோ அப்போதுதான் ஏவுகணையின் கை பலவீனமாக இருக்கிறது. இதனால்தான் ஆரம்பத்திலேயே, வேகம் நிறைய இருக்கும்போதே, பெரிய திருத்தங்களை முடித்துவிட்டுக் கடைசியில் சின்னச் சின்ன நகர்த்தல்கள் மட்டும் மிச்சம் வைக்கும்படி கணக்குப் போடுகிறார்கள். தூர இலக்கு என்றால் ஏவியதும் முதலில் மேலே ஏறும், வேகத்தை உயரமாக மாற்றி வைத்துக்கொண்டு, இறங்கும்போது புவியீர்ப்பிடமிருந்து அதை ஓரளவு திரும்ப வாங்கிக்கொள்ளும். டாங்கின் மேல்தகடு பக்கவாட்டைவிட மெலிது, அதனால் மேலிருந்து விழுவதில் இன்னொரு லாபமும் உண்டு.

துடுப்பை அசைப்பது சின்ன மின்மோட்டார், அல்லது அழுத்தி அடைத்த வாயு. மின்சாரத்துக்கு வெப்ப பேட்டரி. அதனுள்ளே உப்பு திடமாகவே உறங்கிக் கிடக்கும், ஏவும் நேரத்தில் உள்ளிருக்கும் ஒரு சின்ன வெப்பக்கட்டி பற்றிக்கொண்டு உப்பை உருக்கியதும் மின்சாரம் பாயும். ஆயுள் சில நிமிடம்தான், ஆனால் பல வருடக் கிடப்புக்குப் பிறகும் ஏமாற்றாது.

துடுப்பு இல்லாமல் புகைவாயுவையே திருப்பும் முறையும் உண்டு. ஹைதராபாத் பாரத் டைனமிக்ஸ் தயாரித்த மிலன் ஏவுகணையில் அப்படித்தான், ஆனால் அது லேசர் இல்லை, வால்பக்கம் கம்பி அவிழ்ந்துகொண்டே போகும் பழைய முறை. மோட்டார் எரியும் வரைதான் இந்த வித்தை நடக்கும் என்பதால் அங்கே மோட்டாரும் நீண்ட நேரம் எரிந்தாக வேண்டும்.

கேள்வி: சினிமாவில் சிவப்புக் கோடு போய் எதிரி மேல் விழுகிறது. எதிரிக்கு அது தெரியாதா? (வாசகி, காரைக்குடி)

தெரியாது. நிஜத்தில் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. இதில் பயன்படும் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர், நம் கண் பார்ப்பது சுமார் 700 வரைதான். அகச்சிவப்புப் பகுதியில் இருக்கும் அந்த ஒளி, தொடர்ந்து எரியாமல் நொடிக்குப் பத்து இருபது முறை மின்னி மின்னி அணையும்.

அந்த மினுக்கலுக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு மினுக்கலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் சங்கேத எண். ஏவுவதற்கு முன்பே ஏவுகணைக்கு "இந்தத் தாளத்தில் மின்னும் புள்ளியை மட்டும் பார்" என்று சொல்லிவைத்துவிடுவார்கள். ஒரே களத்தில் நான்கு பேர் நான்கு இலக்குகளைக் காட்டினாலும் ஒன்றின் ஏவுகணை இன்னொன்றின் பின்னால் ஓடாது.

இலக்கின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு துளி ஏவுகணையின் மூக்குக்குத் திரும்பி வரும். அங்கே ஒரு லென்ஸ், அதன் பின்னால் நான்கு கால்வாசிகளாகப் பிரித்த ஒரு உணரி. லென்ஸ் அந்தப் புள்ளியைக் கூர்மையாக விழவைக்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் பரந்த வட்டமாக விழவைக்கும். நான்கு பகுதியிலும் சமமான ஒளி என்றால் இலக்கு நேர் எதிரே. வலப்பக்கம் அதிகம் என்றால் வலம், மேலே அதிகம் என்றால் மேல். கேமரா இல்லை, படம் இல்லை, இலக்கு டாங்கா லாரியா என்ற அறிவும் இல்லை! நான்கு எண்களை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

புள்ளியைக் காட்டுபவர் ஏவியவராகவே இருக்க வேண்டியதில்லை. தரையில் மறைந்திருக்கும் ஒரு சிப்பாய், வேறொரு ஹெலிகாப்டர், ஒரு ட்ரோன், யார் வேண்டுமானாலும் காட்டலாம். ஏவிய ஹெலிகாப்டர் குன்றுக்குப் பின்னாலேயே நின்றுகொள்ளலாம், ஏவுகணை பறந்தபடியே புள்ளியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பிரம்மோஸ், நாக் இரண்டும் லேசர் ஏவுகணைகளா? (வாசகர், விருதுநகர்)

இரண்டும் இல்லை. பிரம்மோஸ் காற்றை உள்ளிழுத்து எரியும் ராம்ஜெட் எஞ்சினில் பறந்து கடைசியில் ராடாரால் இலக்கைப் பிடிக்கும். நாக், இலக்கின் வெப்பப் படத்தைப் பார்த்துப் போகும்.

கேள்வி: இலக்கு ஓடிக்கொண்டிருந்தால் புள்ளியைப் பார்த்துப் போய்ச் சேர்வதற்குள் அது நகர்ந்திருக்காதா? (வாசகர், நாகப்பட்டினம்)

நீங்கள் கடற்கரைக்காரர், உங்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். கடலில் எதிரே வரும் இன்னொரு படகு, உங்கள் படகிலிருந்து பார்க்கும்போது ஒரே கோணத்தில் நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறது என்று அர்த்தம். கோணம் மாறிக்கொண்டே போனால் முன்னாலோ பின்னாலோ கடந்து போய்விடும். படகோட்டிகள் மோதலைத் தவிர்க்கப் பார்க்கும் அதே விதியை ஏவுகணை மோதுவதற்காகப் பயன்படுத்துகிறது. சீக்கர் புள்ளியை விடாமல் பார்த்துக்கொண்டே, பார்வைக் கோணம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளக்கும். மாறினால், அந்த மாற்றத்தின் மூன்று நான்கு மடங்கு வேகத்தில் தன் பாதையைத் திருப்பும். கோணம் மாறுவது நின்றால் திருப்புவதையும் நிறுத்தும். அப்போது அது புள்ளியின் பின்னால் துரத்திக்கொண்டிருக்காது, புள்ளி எங்கே இருக்கப்போகிறதோ அந்த இடத்தை நோக்கி நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும். தூரம் தெரிய வேண்டியதில்லை, இலக்கின் வேகம் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை, லேசரைப் பிடித்திருப்பவர் கடைசி நொடி வரை புள்ளியை ஓடும் வண்டியின் மேலேயே வைத்திருக்க வேண்டும். கற்றை போகப்போக விரியும், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் புள்ளி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குப் போய்விடலாம், பாதி வண்டியிலும் பாதி பின்னாலுள்ள தரையிலும் விழும். கை ஆடாத தாங்கியும், தானாக இலக்கைத் தொடரும் கேமராவும் இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் செய்யும் டாங்கின் பீரங்கிக் குழாயிலிருந்தே லேசர் ஏவுகணை பாயும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், ஆவடி)

உண்மைதான், அதுவும் இரண்டு விதமாக. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 டாங்க், ரஷ்ய வடிவமைப்பான இன்வார் ஏவுகணையை 125 மில்லிமீட்டர் குழாய் வழியாகவே அனுப்பும். இது மேலே சொன்னது போல இலக்கில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்ப்பதில்லை. இதன் கண் வாலில் இருக்கிறது! டாங்கிலிருந்து இலக்கை நோக்கி லேசர் கற்றை போகும், ஏவுகணை அந்தக் கற்றைக்கு உள்ளேயே பறக்கும். கற்றையின் ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு விதமாக மினுக்குவதால், தான் நடுவில் இருக்கிறோமா ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டோமா என்று ஏவுகணைக்குத் தெரியும், ஒதுங்கினால் நடுவுக்கு வந்துவிடும். கண் பின்னால் பார்ப்பதால் எதிரி போலி ஒளி காட்டி அதைக் குழப்புவது கடினம், ஒளியும் மிக மெலிதாகவே போதும். ரஷ்யாவின் கோர்னெட், பிரிட்டனின் ஸ்டார்ஸ்ட்ரீக் இரண்டும் இந்தக் குடும்பம்தான். ஸ்டார்ஸ்ட்ரீக்கில் ராக்கெட் எரிந்து தீர்ந்ததும் அதிலிருந்து மூன்று ஈட்டிகள் பிரிந்து, மோட்டாரே இல்லாமல், ஒலியின் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் கற்றையைப் பிடித்துக்கொண்டு போகும்.

அர்ஜுன் டாங்க் கதை வேறு. ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. என்ற போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அந்த டாங்கின் 120 மில்லிமீட்டர் குழாயிலிருந்து டி.ஆர்.டி.ஓ. தன் லேசர் ஏவுகணையை 2020 செப்டம்பர் 22 அன்று அகமதுநகரில் சோதித்தது, 3 கிலோமீட்டர் தள்ளியிருந்த இலக்கை அடித்தது. இது லேசரால் சுட்டிக்காட்டிய இலக்கைப் பூட்டிப் பின்தொடரும் வகை. குழாய்க்குள் அடங்கும்படி துடுப்புகளை மடக்கி வைத்து, வெளியே வந்ததும் விரியச் செய்ய வேண்டும், குழாயில் வாங்கும் உதையில் லென்ஸும் மின்னணுவும் நொறுங்காமல் இருக்க வேண்டும். இதைச் செய்து காட்டிய பொறியாளர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: லேசர் குண்டு, லேசர் ஏவுகணை இரண்டும் ஒன்றா? (வாசகர், சேலம்)

குண்டுக்கு மோட்டார் இல்லை, அதுதான் வித்தியாசம். விமானத்தின் வேகமும் உயரமும் மட்டுமே அதன் மூலதனம். வரலாற்றில் முதலில் வந்ததும் குண்டுதான். 1960 மே மாதம் மைமன் முதல் லேசரை எரியவைத்தார், எட்டே ஆண்டில், 1968-ல், வியட்நாமில் லேசர் குண்டைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த அந்த பேவ்வே அமைப்பின் எளிமை எனக்கு இன்றும் ஆச்சரியம். சாதாரண குண்டின் முன்னால் ஒரு தலையும் துடுப்புகளும், பின்னால் இறக்கைகளும் மாட்டிவிட்டார்கள். அந்தத் தலை ஒரு மூட்டில் தளர்வாக இருக்கும், அதைச் சுற்றி ஒரு வளையம், காற்று அடிக்கும் திசைக்கே தானாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் குண்டு போகும் திசைக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கணக்கும் இல்லாமல் கிடைத்துவிடும். துடுப்புகளுக்கும் இரண்டே நிலை, முழுதாகத் திரும்பும் அல்லது நேராக நிற்கும். பாதை வழவழப்பாக இருக்காது, வெட்டி வெட்டித்தான் போகும், வேகமும் வீணாகும், ஆனால் விலை மலிவு, வேலை நடந்தது.

வியட்நாமின் தான் ஹோவா பாலம் இதற்குச் சாட்சி. மா நதி மேல் நின்ற அந்த இரும்புப் பாலத்தை 1965 ஏப்ரலிலிருந்து அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான தடவை தாக்கின, விமானங்களையும் விமானிகளையும் இழந்தன, பாலம் விழவில்லை. 1972 மே 13 அன்று 14 ஃபேன்டம் விமானங்கள் லேசர் குண்டுகளோடு போயின, பாலத்தின் மேற்குப் பகுதி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. நம்மிடம் 1999 ஜூன் 24, கார்கில் போரில் டைகர் ஹில். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்திலிருந்து மிராஜ் 2000 விமானங்கள் லேசர் குண்டைப் போட்டன, இந்திய விமானப்படை அதைப் போரில் பயன்படுத்திய முதல் முறை அது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிது, தடை குறைவு, துடுப்புக்குப் பிடிமானமும் குறைவு, சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது.

கேள்வி: இவ்வளவு துல்லியம் என்றால் அப்பாவிகள் சாகும் செய்திகள் ஏன் வருகின்றன? (வாசகி, மதுரை)

2021 ஆகஸ்ட் 29, காபூல். அமெரிக்க ட்ரோன் ஒரு வெள்ளைக் காரின் மேல் ஒரு ஹெல்ஃபயரை ஏவியது. ஏவுகணை சொன்ன இடத்தில்தான் விழுந்தது. இறந்தவர்கள் பத்துப் பேர், அதில் ஏழு பேர் குழந்தைகள், பயங்கரவாதி ஒருவரும் இல்லை. மூன்று வாரம் கழித்து பென்டகனே தவறு என்று ஒப்புக்கொண்டது.

புள்ளி எந்தக் காரின் மேல் விழ வேண்டும் என்று முடிவு செய்தது மனிதர்கள். அந்த முடிவைச் சரிபார்க்கும் எதுவும் நான்கு கால்வாசி உணரியில் கிடையாது. அதனால் "துல்லியத் தாக்குதல்" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம், எங்கே விழுந்தது என்பதோடு, அங்கே இருந்தவர் யார் என்பதையும் கேளுங்கள் என்று என் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏவுகணையின் துல்லியத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மேகம், பனிமூட்டம் இருந்தால் என்ன ஆகும்? டாங்குக்குத் தப்பிக்க வழியே இல்லையா? (வாசகர், குன்னூர்)

உங்கள் ஊர் மூட்டத்தில் லேசர் குருடுதான். மேகம், புழுதி, புகை எதுவுமே அதற்கு ஆகாது. 1999-ல் யுகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டு வீசியபோது மேகத்தால் லேசர் குண்டுகள் அடிக்கடி முடங்கின, ஜி.பி.எஸ். பார்த்து விழும் ஜேடாம் குண்டு போரில் அறிமுகமானதும் அங்கேதான். பிறகு லேசரோடு வேறு வழிகாட்டும் முறைகளையும் சேர்த்தார்கள். பிரிட்டனின் பிரிம்ஸ்டோன் ஏவுகணையில் லேசர் கண்ணோடு மில்லிமீட்டர் அலை ராடாரும் ஒரே மூக்கில் இருக்கிறது.

டாங்கும் சும்மா இருப்பதில்லை. ரஷ்யாவின் ஷ்டோரா அமைப்பு, தன் மேல் லேசர் பட்டதும் எந்தத் திசையிலிருந்து என்று உணர்ந்து அந்தப் பக்கம் புகைக்குண்டு வீசும். அதற்குப் பதிலாகத் தாக்குபவர்கள் ஏவுகணையை முதலில் கிளப்பிவிட்டு, அது நெருங்கி வரும் கடைசி சில நொடிகளில் மட்டும் லேசரை எரியவிடுகிறார்கள். அந்த நேரத்துக்குள் புகை விரிய வேண்டும், டிரைவர் கியரை மாற்றி வண்டியை நகர்த்த வேண்டும்.